வலை கழற்றிய மிஷின்

கந்தர்வக்கோட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல் வெட்டுகிற மிஷின், தண்ணீர் இறைக்கிற சின்ன இன்ஜின், இவற்றோடு மரம் அறுக்கிற செயின்சா. கஜா புயலுக்கு முன்னால் செயின்சா என்று ஒன்று பட்டறைக்கு வந்தால் அதிசயம். தென்னையும் பலாவும் முந்திரியும் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்த அந்த நாட்களில்தான் ஊருக்கு ஊர் ஆட்கள் மிஷின் வாங்கினார்கள். விழுந்த மரத்தை எல்லாம் அப்புறப்படுத்திய பிறகும் மிஷின்கள் இருந்தன. அதை வைத்தே பிழைப்பது என்று முடிவு செய்தவர்களும் இருந்தார்கள். என் மச்சான் அவர்களில் ஒருவர். அக்காவின் வீட்டுக்காரர். அதுவரை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மச்சானுக்குப் பொறுமை கிடையாது. மரத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார், அண்ணாந்து ஒரு தடவை பார்ப்பார், எந்தப் பக்கம் விழும் என்று கையைக் காட்டுவார். அடுத்த நிமிஷம் மிஷின் அலறும். காட்டிய பக்கம்தான் மரம் விழும். அதில் அவர் தப்பு பண்ணி நான் பார்த்ததில்லை. ஆனால் மிஷின் திணறினால் அவரால் தாங்க முடியாது. முற்றிய தைல மரத்தில் சங்கிலி மெதுவாக இறங்கினால் அங்கேயே நின்று மிஷினைத் திட்டுவார், ஏதோ கூலியாள் வேலைக்குச் சுணங்கின மாதிரி.

ஒரு மாசி மாதக் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"மாப்ள, இதப் பாரு. சைலன்சர ஓட்ட போட்டுத் தொறக்கிறான் இவன். அதுக்கப்பறம் எப்புடி அறுக்குதுன்னு பாரு. வாழத்தண்ட அறுக்கிற மாதிரில்ல போவுது."

வீடியோவில் அந்த ஆள் பேசியது எந்த மொழி என்று தெரியவில்லை. கை செய்தது எனக்குப் புரிந்தது. கம்பெனியிலிருந்து வரும்போது சைலன்சரின் வாய் சின்னதாக இருக்கும். இன்ஜின் எரித்த புகை வெளியே போக நெருக்கடிபடும். அந்த வாயைப் பெரிசாக்கினால் புகை தாராளமாகப் போகும், இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றும். வாய்க்குப் பின்னால் விரலகலத்துக்கு ஒரு கம்பி வலை இருக்கும். சைலன்சருக்குள் படிகிற கரி சில நேரம் கனலோடு பெயர்ந்து வரும். அது வெளியே பறக்காமல் தடுக்கிறது அந்த வலைதான். கரி அடைத்துப் போனால் பிரஷ் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது என் வழக்கம்.

வீடியோக்காரன் வலையையும் பிடுங்கி எறிந்திருந்தான்.

"வலை பொறி பறக்காம இருக்கிறதுக்கு மச்சான். அத எடுக்க வேணாம்."

"இத்தன வருசமா அறுக்கிறேன். ஒரு பொறி பறந்து நான் பாத்ததில்ல. வலைய வச்சுக்கிட்டு வாயத் தொறந்து என்ன பிரயோசனம்? கழட்டு மாப்ள."

கழற்றினேன். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கும் ஆசை இருந்தது. நாள் முழுக்க அடைத்த ஸ்பிரேயர் முனையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் கை தானாக நீளும். பழைய வாயை அரத்தால் ராவி அகலமாக்கினேன். அது போதாது என்று அடிப்பக்கம் முன்னால் தள்ளி இன்னொரு துளை போட்டு, ஒரு சின்னக் குழாய்த் துண்டை வெல்டிங்கில் பற்ற வைத்தேன். குழாயைக் கீழ்நோக்கித் திருப்பினேன். புகை அறுக்கிறவர் முகத்தில் அடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. புகை லேசாகப் போகிற அளவுக்குப் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வைத்தேன்.

பட்டறைக்குப் பின்னால் கிடந்த வேப்பங்கட்டையில் மச்சான் மிஷினை வைத்தார். தூள் வாரி இறைத்துக்கொண்டு இறங்கியது. எதிரே டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "என்னய்யா இது, ஏரோப்பிளேனா?" என்று கத்தினார். மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் ஆறு பேர் அதே வேலைக்கு மிஷின் கொண்டுவந்தார்கள். ஆறுக்கும் செய்து கொடுத்தேன். ஆறிலும் வலை இல்லை.

சித்திரை நடுவில் மச்சான் ஒரு முந்திரித் தோப்பில் வேலை எடுத்தார். தோப்பு ஒரு ரிட்டையர்டு டீச்சருடையது. ஆவூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரர் இறந்த பிறகும் தோப்பை விற்காமல் தானே பார்த்துக்கொண்டிருந்தார். புயலில் முறிந்து, அப்புறம் காய்ப்பு விட்டுப்போன பழைய மரங்களை அறுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைப்பது அவர் திட்டம். ஒரு ஓரத்தில் போன ஐப்பசியில் வைத்த கன்றுகள் இடுப்பு உயரம் வந்திருந்தன. அவற்றுக்கு அவரே குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருந்தார்.

அன்று காலை மச்சான் போன் செய்தார். மிஷின் வேகம் குறைத்து வைக்கும்போது அணைந்து அணைந்து போகிறது, வந்து பார் என்றார். பத்து மணிவாக்கில் போனேன். அங்கே மூன்று பேர்தான். மச்சான், டீச்சர், அறுத்த கட்டைகளை அடுக்குகிற ஒரு அண்ணன். அந்த அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். மச்சான் எங்கே மரம் அறுத்தாலும் அடுக்கு அவருடையதுதான். கட்டைகள் செங்கல் வைத்த மாதிரி ஒரு வரிசையாக நிற்கும். நிறையப் பீடி குடிப்பார்.

ஸ்க்ரூவைச் சரி செய்து கொடுத்துவிட்டு, டீச்சர் தந்த மோரை வாங்கிக்கொண்டு ஒரு மர நிழலில் நின்றேன். மச்சான் ஒரு பருத்த அடிமரத்தை அறுத்தார். கால் மணி நேரம் மிஷின் முழு வேகத்தில் ஓடியது. பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. டீச்சர் ஏதோ கேட்டார், நான் தலையை மட்டும் ஆட்டினேன். மரம் சாய்ந்ததும் மச்சான் மிஷினை அணைத்துத் தரையில் வைத்துவிட்டு, கிளையைப் புரட்ட நெம்புகோலை எடுக்கப் போனார். தரை என்றால் மண் தெரியாது. முந்திரிச் சருகு கணுக்கால் அளவு கிடந்தது. அந்த வெயிலில் மிதித்தாலே அப்பளம் மாதிரி நொறுங்கும்.

மிஷினுக்கு ஏழெட்டு அடி தள்ளி அடுக்குகிற அண்ணன் குத்துக்காலிட்டுப் பீடி குடித்து முடித்து எழுந்து போனதையும் நான் பார்த்தேன்.

மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது புகை வாசம் வந்தது. திரும்பினேன். மிஷினுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஓடுவதற்குள் சருகு பற்றிவிட்டது. சத்தமே இல்லாமல் ஒரு வட்டம் கருப்பாக விரிந்து, அதன் ஓரத்தில் தீ எழுந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மிஷின் டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இருபதடி ஓடி, வண்டித் தடத்து வெறும் மண்ணில் வைத்தேன்.

வைத்தபோது பார்த்தேன். நான் பற்ற வைத்த குழாயின் வாயில் ஒரு முந்திரி இலை ஒட்டியிருந்தது. பாதி கரிந்து, கரிந்த ஓரத்தில் குழாயின் வட்டம் அப்படியே பதிந்திருந்தது. கட்டை விரலால் அதைத் துடைத்துவிட்டேன். விரல் சுட்டது. ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதற்றம் என்று சொல்லலாம். ஆனால் பதறுகிறவன் தீயைப் பார்த்து ஓடியிருப்பான். நான் அந்த ஒரு விநாடி நின்று துடைத்திருக்கிறேன்.

"மாப்ள! தழைய ஒடி!" என்று மச்சான் கத்தினார்.

பச்சைக் கிளைகளை ஒடித்து நாலு பேரும் அடித்தோம். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் ஓடியது. காற்று மேற்கிலிருந்து வந்தது. டீச்சர் போர் செட்டுக்கு ஓடிப் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "மூணு ஃபேஸ் இல்ல! கரண்ட் பன்னெண்டு மணிக்குத்தான்!" என்று கத்தினார். நான் தீயணைப்புக்குப் போன் போட்டேன். வழி சொல்லும்போதே எந்த ரோட்டில் எத்தனையாவது கல் என்று மறந்து போயிற்று. டீச்சர் போனைப் பிடுங்கி, வகுப்பில் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கிழக்கே தோப்பு முடிகிற இடத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் கீற்றுக் கொட்டகை இருந்தது. உள்ளே மாடு கட்டியிருந்தது. அதற்கும் அங்கிட்டு ஊர் வரைக்கும் முந்திரிதான். அந்தக் கொட்டகைக்குத் தீ போனால் யாராலும் நிறுத்த முடியாது. அடுக்குகிற அண்ணன் யாரும் சொல்லாமலே அங்கே ஓடி, கயிற்றை அறுத்து மாட்டை விரட்டிவிட்டார். திரும்பி வந்து மண்வெட்டியால் சருகை வாரி ஒதுக்கி ஒரு பாதை எடுக்கத் தொடங்கினார்.

"சருக மட்டும் ஒதுக்கிப் பிரயோசனமில்ல. கொப்பு தரையில தொடுது. தீ கொப்பப் பிடிச்சு தாண்டிரும்" என்றார் மச்சான். "மிஷின எடு."

முந்திரி மரம் அப்படித்தான். கிளைகள் தரையைத் தொட்டு, பக்கத்து மரத்தின் கிளையோடு பின்னிக் கிடக்கும். பாதை எடுப்பதென்றால் அந்தக் கிளைகளை வெட்ட வேண்டும். மச்சான் மிஷினை இழுத்துக் கிளப்பினார். அது கிளம்பிய சத்தத்தில் தீயின் சத்தம் எனக்குக் கேட்காமல் போனது. அதுதான் பயமாக இருந்தது. அதுவரை தீ எங்கே இருக்கிறது என்று காதும் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சை இலை வெடிக்கிற சத்தம், எண்ணெய் சொட்டுகிற கொட்டை சீறுகிற சத்தம். இப்போது கண் மட்டும்தான்.

அவர் கிளை கிளையாக வெட்டிக்கொண்டு போனார், நானும் அந்த அண்ணனும் இழுத்து அப்பால் போட்டோம். இத்தனை வேகமாக ஒரு மனிதன் அறுத்து நான் பார்த்ததில்லை. திறந்துவிட்ட சைலன்சர் இல்லாவிட்டால் அந்த வேகம் வந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தோப்பின் பாதி நீளத்துக்குப் பாதை விழுந்திருந்தது. அப்போது காற்று சுழன்றது. மச்சானுக்குப் பின்னால், வெட்டிப் போட்ட குவியல் ஒன்றில் தீ விழுந்து ஆள் உயரத்துக்கு எழுந்தது. அவர் முன்னால் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! பின்னாடி!"

கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவருடைய சட்டையின் முதுகுப் பக்கம் சிவப்பாகத் தெரிந்தது, தீயின் வெளிச்சமா தீயேவா என்று தெரியவில்லை. குனிந்து கைக்குக் கிடைத்த மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். தோளைத் தாண்டிப் போனது. இரண்டாவது கட்டி நடு முதுகில் பட்டது. கோபமாகத் திரும்பினார். பார்த்தார். மிஷினைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தார். அவர் நின்ற இடத்தைத் தீ மூடியது.

அடுக்குகிற அண்ணன்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். மச்சானின் வலது முழங்கைக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. அதோடு எழுந்து போய் மிச்சப் பாதையையும் அறுத்து முடித்தார். கொட்டகைக்குப் பதினைந்து அடி முன்னால் தீ வந்து நின்றது, தாண்டவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது பெருந்தீ அடங்கி மரங்கள் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தன. அவர்கள் தண்ணீர் அடித்து முடிக்க மதியம் ஆயிற்று. முக்கால் தோப்பு போயிற்று. ஒட்டுக்கன்றுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டீச்சர் அந்த ஓரத்தில் கருகின குச்சிகளைப் பார்த்தபடி நின்றார்.

வண்டியில் வந்த அதிகாரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "எப்படிப் பிடிச்சது?" என்று கேட்டார்.

மச்சான் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பீடியா இருக்கும் சார்."

எல்லாத் தலையும் அடுக்குகிற அண்ணன் பக்கம் திரும்பியது. அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர்கள் பத்துப் பேர் வந்து கூடியிருந்தார்கள்.

"நான் மண்ணப் பறிச்சு அதுல போட்டு அமுக்கிட்டுல்ல எந்திரிச்சேன்" என்றார் அவர். "எலை மேல போடுவனா? எத்தன வருசமாத் தோப்புல வேல பாக்கிறேன்."

"எங்க ஒக்காந்திருந்தீங்க?" என்றார் அதிகாரி.

"அந்தா, அங்க" என்று கையைக் காட்டினார். அது எல்லாமே கருப்பாகக் கிடந்தது. மிஷின் இருந்த இடமும் அவர் உட்கார்ந்த இடமும் ஒரே கருப்பில் சேர்ந்துவிட்டன. மிஷினோ பாதை அறுத்து முடித்த இடத்தில் கிடந்தது. கூட்டத்தில் ஒரு ஆள், "இந்த வெயில்ல தோப்புக்குள்ள பீடி என்னய்யா பீடி" என்று கத்தினார். இன்னொருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்த அண்ணன் மாட்டை அவிழ்த்துவிட்டதையோ மச்சானை இழுத்துக் காப்பாற்றியதையோ யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் வண்டியில் மச்சானை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது, "மிஷின நீங்க எங்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ஞாபகமில்ல மாப்ள" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒனக்கும் ஞாபகமில்ல" என்றார்.

அதற்கப்புறம் பட்டறையில் வேலை ஓடவில்லை. திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று யோசிப்பேன். நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பீடியாகவும் இருக்கலாம். ஏழெட்டு அடிதானே தள்ளி. அமுக்கினேன் என்று சொன்னால் ஆயிற்றா? இப்படி ஒரு வாரம் போயிற்று.

எட்டாம் நாள் அந்த அண்ணனே பட்டறைக்கு வந்தார். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. ஒன்னையப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். எங்கயும் வேலைக்குக் கூப்புட மாட்டேங்குறாங்க. தோப்ப எரிச்சவன்னு சொல்றாங்க. அது கெடக்கட்டும்." தலையைக் குனிந்துகொண்டார். "நீ அன்னிக்கு டீச்சர் பக்கத்துல நின்ன. நான் ஒக்காந்திருந்தது ஒனக்குத் தெரியும். பீடிய நான் அமுக்கினத நீ பாத்தியா?"

கையிலிருந்த திருகாணியைத் துணியால் துடைத்தேன்.

"பாத்திருந்தா சொல்லு தம்பி. டீச்சர்கிட்ட சொல்லணும்னு இல்ல. எங்கிட்ட சொல்லு. எனக்கே சந்தேகமா இருக்கு. அமுக்கினேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சு இப்ப வெளங்கல. அன்னிக்கு அமுக்காமத்தான் எந்திரிச்சுட்டனோ என்னமோ."

அந்த மனிதர் செய்யாத தப்பைச் செய்ததாகத் தானே நம்பத் தொடங்கிவிட்டார். அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு நான் டீச்சரப் பாக்க வாரேண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மச்சானின் மிஷின் தீப்பிடித்த நாள் முதல் என் பட்டறையில்தான் கிடந்தது. மாலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கம் சிமெண்ட் தொட்டியில் முந்திரிச் சருகை அள்ளிப் போட்டேன். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டேன். வேப்பங்கட்டையைக் கால் மணி நேரம் முழு வேகத்தில் அறுத்தேன். அணைத்தேன். மிஷினைச் சருகு மேல் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அத்தனை சந்தோஷம். பிறகு, ஒரு தடவை பார்த்தால் போதாது என்று மனசு சொன்னது. திரும்ப அறுத்து, திரும்ப வைத்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை வைத்து, மனசுக்குள் எண்ணினேன். முப்பதுகூட எண்ணியிருக்க மாட்டேன். குழாயின் வாயிலிருந்து அதே வெள்ளை இழை ஏறியது. வாளியைக் கவிழ்த்தேன். ஆவி பொங்கி முகத்தில் அடித்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் கட்டுப் போட்ட கையோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அதனால இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"டீச்சர்கிட்ட சொல்லணும் மச்சான்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? எனக்கு இந்த ஏரியாவுல எவன் மரத்தக் கொடுப்பான்? ஒன் பட்டறைக்கு எவன் வருவான்? மத்த ஆறு மிஷினும் ஒன் கையால போனதுதான? அவரு ஒரு ஆளு. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க."

"அவரு மறக்க மாட்டாரு. அவரே எரிச்சதா நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"நீதான் ஓட்ட போட்ட, நான் போடல" என்றார். சொன்ன உடனே அவர் முகம் மாறிவிட்டது. ஆனால் திருப்பி எடுக்க முடியாத வார்த்தை.

அதுவரை பேசாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். "யாரு ஒங்கள தீக்குள்ள இருந்து இழுத்தா?" என்று மச்சானைக் கேட்டாள்.

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் கேக்கிறேன்ல. யாரு இழுத்தா?"

"அவருதான்."

"அதை எனக்கு ஏன் சொல்லல நீங்க?" என்றாள். பிறகு என்னிடம், "நீ போ தம்பி. நாளைக்குக் காலையில போய்ச் சொல்லு. இவரு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்றாள்.

மறுநாள் நான் தனியாகத்தான் போனேன். டீச்சர் வீட்டு வாசலில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வலையைக் கழற்றியது, குழாயைக் கீழே திருப்பியது, இலையைத் துடைத்தது, தொட்டியில் செய்து பார்த்தது. அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்த பிறகு, "எத்தனை நாளாச்சு?" என்றார்.

"ஒம்போது நாளு டீச்சர்."

"ஒம்போது நாளு" என்று திருப்பிச் சொன்னார். "நானும் ஒம்போது நாளா அந்த மனுசரத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். ஜெபம் பண்ணும்போதுகூட." குடத்தைக் கவிழ்த்து வைத்தார். "நஷ்டத்தப் பத்தி அப்பறம் பேசலாம். அன்னிக்கு எத்தனை பேரு முன்னாடி அவரு பேச்சு வாங்கினாரோ, அத்தனை பேரு முன்னாடி இத நீங்க சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை தோப்பிலேயே கூடினார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள், அன்று கத்தியவர், திட்டியவர், எல்லாரையும் டீச்சரே ஆள் விட்டு வரச் சொல்லியிருந்தார். அடுக்குகிற அண்ணன் எதற்கென்று தெரியாமல், இன்னும் என்ன வரப்போகிறதோ என்ற முகத்தோடு ஒரு ஓரத்தில் நின்றார். நான் மிஷினைக் கையில் கொண்டு போயிருந்தேன். குழாயைக் காட்டி, வலை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டிச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மச்சான் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். நான் முடித்ததும் முன்னால் வந்து, "மிஷின எலை மேல வச்சது நான்தான். பீடின்னு சொன்னதும் நான்தான்" என்றார்.

திட்டியவர் என்னையும் மச்சானையும் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டோம். பிறகு எல்லாரும் அடுக்குகிற அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மன்னித்தேன் என்பார், கண் கலங்குவார் என்று ஏதோ எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

அவர் என் பக்கத்தில் வந்தார். "நான் ஒன் பட்டறைக்கு வந்தப்பவே ஒனக்குத் தெரியும்" என்றார்.

"ஆமாண்ணே."

"வாசல்ல நின்னு கேட்டேன். அப்பவும் நீ சொல்லல."

"ஆமாண்ணே."

"சரி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டார்.

நஷ்டத்தை நானும் மச்சானும் சேர்ந்து ஈடு கட்டினோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டீச்சர் தீயணைப்பு நிலையத்துக்குத் தானே போய்க் காரணத்தை மாற்றி எழுதச் சொன்னார். ஆடியில் மழை பெய்ததும் அந்த அண்ணனைக் கூப்பிட்டுத்தான் புதுக் கன்றுகளை வைத்தார். அவர் இப்போது வேறு ஒரு அறுப்புக்காரரிடம் அடுக்குகிறார். மச்சான் நேரில் போய் இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. மச்சானும் நானும் பேசிக்கொள்கிறோம், முன்பு மாதிரி இல்லை. என் மேல் அவருக்கு இருக்கிற வருத்தமும், அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் எங்கள் நடுவே கிடக்கின்றன.

மற்ற ஆறு மிஷின்காரர்களையும் தேடிப் போனேன். ஆலங்குடிக்கு, கறம்பக்குடிக்கு, கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்கு. குழாயை அடைத்து, வலை மாட்டிக் கொடுத்தேன். நாலு பேர் சம்மதித்தார்கள். ஐந்தாவது ஆள் மிஷினை விற்றுவிட்டார், யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஆறாவது ஆள், "வேகம் கொறஞ்சு போகும், விடுங்க. நான் எலையில வைக்க மாட்டேன்" என்று சிரித்தார். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. திரும்ப ஒரு தடவை போனேன், அப்போதும் கேட்கவில்லை.

இன்னமும் அதே வீடியோவைக் காட்டிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். வலையைக் கழற்ற மாட்டேன் என்று சொன்னால் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள், சிலர் வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறார்கள். பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு நிலை கொள்ளாது. நண்பகலில் எங்கேயாவது முந்திரிக்காட்டுக்கு மேலே புகை தெரிந்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்துவிடுவேன். யாரோ குப்பை எரித்துக்கொண்டிருப்பார்கள். அது தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்பேன்.